ரங்கூன் நோட்டும் பின் ஓட்டையும்

1. முதல் நாள்

வங்கியில் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தரப்பட்ட வேலை, ரூபாய் நோட்டில் ஓட்டை போடுவது. நோட்டுகளை அடுக்கி, தட்டிச் சமப்படுத்தி, வாட்டர்மார்க் உள்ள வெள்ளைப் பகுதியில் பெரிய ஸ்டேப்ளரை வைத்து ஓங்கி அடிக்க வேண்டும். அதற்காகத்தான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்திருந்தேன் போலும். நான் தயங்கியதைப் பார்த்த தலைமைக் காசாளர் சொன்னார்:

"இன்னா தம்பி, சாமி படத்துல ஆணி அடிக்கிற மாரி பயப்படுற? ஓங்கி அடி. பின் இல்லாத கட்டுலருந்து ஒரு நோட்டு உருவிட்டான்னா உன் சம்பளத்துலதான் புடிப்பாங்க."

பல வருடங்கள் அடித்தேன். பிறகு, பின் அடித்தால் நோட்டின் ஆயுள் குறைகிறது, இனி அடிக்காதீர்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அடி என்றதும் விதி, அடிக்காதே என்றதும் விதி. இரண்டையும் ஒரே முகத்தோடு அமல்படுத்தி ஓய்வு பெற்றேன்.

2. ஓட்டை மேனேஜர்

திருவண்ணாமலையில் பழைய நோட்டு சேர்ப்பவர்கள் சிலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் கூடுவோம். அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஓட்டை மேனேஜர்'. மடிப்பும் ஓட்டையும் இல்லாத நோட்டுக்குத்தான் அந்த உலகில் மரியாதை.

"நல்லா இருந்த நோட்டையெல்லாம் நீங்கதான் சார் குத்திக் கொலை பண்ணீங்க" என்பார் தரணேந்திரன். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மண்டி வைத்திருப்பவர். கடலையைக் கையால் அள்ளுவார். நோட்டை இடுக்கியால்தான் தொடுவார்.

அவருடைய பர்மா ஆல்பத்தில் ஓர் இடம் காலி. வெள்ளைக்காரன் காலத்தில் புது இந்திய நோட்டின் மேல் அச்சகத்திலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து அடித்து அங்கே அனுப்பினார்கள். எங்கள் பேச்சில் அது 'ரங்கூன் நோட்டு'. சிவப்பு எழுத்துள்ள ஐந்து ரூபாய் அவரிடம் இருந்தது. பத்து ரூபாய் இல்லை. சிவப்பு எழுத்து இல்லாத அதே பத்து ரூபாய் சுலபமாகக் கிடைக்கும். இந்த வித்தியாசம்தான் சிலருக்குப் பிழைப்பு.

3. சிவப்பு எழுத்து

ஒரு ஞாயிறு காலை தரணேந்திரன் போன் செய்தார். "சார், ரங்கூன் பத்து ரூபா வந்துடுச்சு. சீக்கிரம் வாங்க. பார்ட்டி மத்தியானம் பஸ் ஏறிடுவாரு."

பார்ட்டி சென்னை வியாபாரி, பெயர் சேகர். அந்தப் பத்து ரூபாய்க்கு அவர் கேட்டது, தரணேந்திரன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்த ஐதராபாத் நிஜாம் நோட்டு ஆல்பம் முழுவதையும். ஒன்றுக்கு மொத்தமும் என்ற மாற்று. நான் காபிக் கடைக்குப் போனபோது துண்டில் சுற்றிய நிஜாம் ஆல்பம் மேஜைமேல் இருந்தது. மடியில் பர்மா ஆல்பமும் இருந்தது. நோட்டை வாங்கிய கையோடு காலி இடத்தில் செருக வேண்டுமாம்.

"பேப்பர் ஒரிஜினல், வாட்டர்மார்க் ஒரிஜினல், கையெழுத்து ஒரிஜினல். வெளிச்சத்துல காட்டிப் பாருங்க சார்" என்றார் சேகர். "ரெண்டு பின் ஓட்டை இருக்குது. அதான் கம்மியா கேக்குறேன்."

"இது கம்மியா?" என்றேன்.

"சார், விடுங்க சார். ஜாஸ்தி பேசுனா எடுத்துக்கினு போயிடுவாரு" என்று தரணேந்திரன் என் முழங்கையைப் பிடித்தார்.

சேகர் சொன்ன மூன்றும் உண்மை. நான் லென்ஸை எடுத்து ஓட்டையைப் பார்த்தேன். ஓர் ஓட்டை சிவப்பு எழுத்தின் மேலேயே விழுந்திருந்தது. ஓட்டையின் உள் விளிம்பில், கிழிந்த நார் சிவப்பாக இருந்தது. நோட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் வேறெங்கும் சிவப்பு இல்லை. அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் மெல்லிய சிவப்பு வளையம்.

"சேகர், நோட்டு முதல்ல பிரஸ்ஸா, பேங்க்கா?"

"பிரஸ்தான். இது இன்னா கேள்வி?"

"அச்சடிச்சு வந்த அப்புறம்தான் நாங்க குத்துவோம். இதுல குத்துன அப்புறம் சிவப்பு எழுத்து வந்திருக்கு. மை ஓட்டைக்குள்ள எறங்கியிருக்கு பாருங்க."

"சண்டைக் காலம் சார். புழக்கத்துல இருந்த நோட்டுலயே அடிச்சிருப்பாங்க."

பதில் தயாராகத்தான் வைத்திருந்தார். நான் தரணேந்திரனிடம், "உங்க அஞ்சு ரூபாயைக் காட்டுங்க" என்றேன். நம்பகமான ஏலத்தில் எடுத்தது. ஓட்டை இருக்கிறதே என்று வெட்கப்பட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார். அதிலும் ஓட்டை சிவப்பு எழுத்தைத் துளைத்திருந்தது. ஆனால் விளிம்பில் வெறும் பழுப்பு நார்; முதுகில் சிவப்பு வளையம் இல்லை. எழுத்து முதலில், ஓட்டை பிறகு. இரண்டையும் அருகருகே வைத்து லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

சேகர் சிரித்தார். "ஆயுசு பூரா நோட்டைக் குத்தியே ரிட்டையர் ஆனவரு, இப்ப ஓட்டையப் பத்தி கிளாஸ் எடுக்குறாரு!"

"வேற யாரு எடுக்குறது?" என்றேன்.

தரணேந்திரன் வெகுநேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு காலி இடத்தைப் பார்த்தார். "கொஞ்சம்கூட சான்ஸ் இல்லையா சார்?"

"இல்லீங்க."

துண்டை எடுத்து நிஜாம் ஆல்பத்தை மறுபடி சுற்றினார். முடிச்சை இரண்டாகப் போட்டார். சேகர் காபியை மீதி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

4. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

காகிதம் அசலாக இருக்கும், வாட்டர்மார்க் அசலாக இருக்கும், ஆனாலும் நோட்டு பொய்யாக இருக்கும். 'இது அசலா?' என்று கேட்டால் அசலான பகுதியைத்தான் காட்டுவார்கள். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கேளுங்கள். நோட்டுக்கும் அலுவலக நடைமுறை உண்டு. போலி செய்பவன் மையை வாங்குகிறான், எழுத்தை வரைகிறான்; வரிசையை மட்டும் யோசிப்பதில்லை.

பத்து ரூபாயின் இடம் இன்னும் காலிதான். ஐந்து ரூபாய் மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்திருக்கிறது. போன ஞாயிறு தரணேந்திரன் ஒரு வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்:

"ஓட்டை இருக்குதா? இருக்குதுனா சந்தோஷம். முதுகுப் பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்க, எங்க மேனேஜர் பாக்கணும்."

என் பெயரின் முதல் பாதி கழன்றுவிட்டதைக் கவனித்தேன். அன்று காபிக்குக் காசு அவரையே கொடுக்க விட்டேன்.