பாக்ஸ் எழுதினால் பாக்ஸ்தான் படிக்கும்

சுரங்கத்தில் வேலை பார்த்தவரை பூமியைத் தோண்டினேன். ரிட்டயர் ஆனபிறகு ஊராருடைய ஹார்டு டிஸ்க்கைத் தோண்டுகிறேன். பூமியிலாவது தோண்டினால் ஏதாவது வந்தது. நெய்வேலி நகரியத்து மார்க்கெட்டில் என் ரிப்பேர் கடைக்கு வரும் டிஸ்க்குகளில் பாதி, டி.வி. பாக்ஸில் ரெக்கார்டு பண்ணப் போய் வாய் அடைத்துப்போனவை. ஊருக்கு ஊர் கடை போட்டு இதே பாட்டைப் படும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பாவம் பார்த்து அழுத்திய ஓகே

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வேல்முருகன் வந்தான். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அக்கா மகள் காதுகுத்து வீடியோ முழுக்க அவன் டிஸ்க்கில் இருந்தது. கிரிக்கெட் மேட்சை ரெக்கார்டு பண்ணலாம் என்று அதை டி.வி. பாக்ஸில் செருகியிருக்கிறான். மேட்சும் பதிவாகவில்லை, காதுகுத்தும் காணவில்லை. டிஸ்க் மொட்டையாக நின்றது. பழநிக்குப் போய் வந்த தலைகூட அத்தனை சுத்தமாக இருக்காது.

"செருகினதும் பாக்ஸ் ஏதாவது கேட்டுச்சாப்பா? எல்லாத்தையும் அழிச்சிடவான்னு கேட்டிருக்குமே?" என்றேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்: "என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுகினே இருந்துச்சுங்க. பாவம், எவ்ளோ நேரந்தான் கேக்கும்னு ஓகே குடுத்துட்டேன்."

டப்பாவின் கையெழுத்து

அடுத்தவர் ஒரு ரிட்டயர்டு ஆபீசர். டி.வி. பாக்ஸில் ரெக்கார்டு செய்த கச்சேரிகளைக் கம்ப்யூட்டரில் கேட்க வேண்டுமாம். கம்ப்யூட்டரோ, இந்த டிஸ்க்கில் எழுதியிருப்பது எந்தப் பாஷை என்றே தெரியவில்லை என்று கையை விரித்தது. நான் பொறுமையாக விளக்கினேன்: "சார், பாக்ஸ் தனக்கு மட்டும் புரியுற மாதிரி பூட்டிப் பூட்டி எழுதும். எந்தப் பாக்ஸ் எழுதிச்சோ அதுதான் திரும்பப் படிக்கும். அதே கம்பெனி, அதே மாடல்னு இன்னொரு பாக்ஸைக் கொண்டாந்தாலும் படிக்காது."

மூன்று தடவை விளக்கினேன். அதற்குள் வாசலில் நின்ற மாடு புரிந்துகொண்டு போய்விட்டது. சத்தியமாக, தலையை ஆட்டிவிட்டுத்தான் போனது. ஆபீசர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸ் பூரா நான் எழுதின ரிப்போர்ட்டையே ஒருத்தனும் படிக்கலை. இந்த டப்பா எழுதினதைப் படிக்கணும்னு எனக்கென்னய்யா தலையெழுத்து?"

மைக் பிடித்த அம்மாள்

இதெல்லாம் தூசு. விஜயா அம்மாள் வந்த அன்றுதான் எனக்குக் கிரகம் பிடித்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷன் மனோகரனின் மனைவி. புருஷன்மார் ஒரு பக்கம், பெண்டாட்டிமார் ஒரு பக்கம் உட்கார்ந்து வாதாடும் டி.வி. நிகழ்ச்சி ஒன்றுக்கு மகளிர் குழுவோடு போய், மைக் பிடித்துப் பேசிவிட்டு வந்தவர். அது ஒளிபரப்பானபோது ரெக்கார்டு பண்ணியதுதான் டிஸ்க்கில் இருந்தது. நெட்டில் போட்டபோது இவர் பேசியதை வெட்டிவிட்டார்களாம். ஆக, உலகத்திலேயே அது ஒன்றுதான் பாக்கி.

கம்ப்யூட்டரில் செருகினேன். வழக்கம்போல, "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. அந்தம்மாள் நல்ல பிள்ளையாக ஓகே கொடுக்க மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். நான் பாய்ந்த பாய்ச்சலை என் முட்டிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார். "தொடாதீங்கம்மா! பாக்ஸைக் கொண்டாங்க. அதுல ஓடவிட்டு, டி.வி.யிலேர்ந்து மொபைல்ல படம் புடிச்சுக்கலாம். வேற வழியில்லை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. மாசக் கடைசியில் மனோகரன் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார்கள். பாக்ஸ் கேபிள்காரருடையது. "போன வாரமே கொண்டுபோய்க் குடுத்துட்டாரு அண்ணே! வீட்டுச் சாவியே இன்னும் ஒப்படைக்கலை, பாக்ஸுக்கு மட்டும் என்ன அவசரமாம்?"

ஷிப்ட் பஸ்ஸில் குழாய்ச் சத்தம்

என்ன அவசரம் என்பது மறுநாள் தெரிந்தது. மனோகரனே வந்தார். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, அந்த டிஸ்க்கை அழிச்சிருங்க. படிக்க முடியலைன்னு அவகிட்ட சொல்லிருங்க. 'மைன்ஸ்ல பெல்ட் அறுந்தா ஓடிப்போய் ஒட்டுவாரு, வீட்டுக் குழாய் ஒழுகுறது மட்டும் காதுல விழாது'ன்னு டி.வி.ல சொல்லிட்டா. நான் செகண்ட் ஷிப்ட்ல இருந்ததால பாக்கக்கூட இல்ல. மறுநாள் பஸ்ல ஏறுதேன், பயலுவ அத்தனை பேரும் 'சொட்டு, சொட்டு'ன்னு சத்தம் போடுதானுவ. இன்னைய வரைக்கும் நிக்கலை."

"அந்தப் பாக்ஸ் இல்லாம இதைப் படிக்கவே முடியாது. நிம்மதியாப் போங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்லயாவது தலை நிமிந்து நடக்கணும் அண்ணாச்சி. அங்க இருக்கவனுக்கெல்லாம் நான் நெய்வேலியில பெரிய ஆளு."

வேறொரு வீட்டில் அதே பாக்ஸ்

அவர் தலை மறைந்ததும் கேபிள்காரருக்கு போன் போட்டேன். பாக்ஸ் அடுத்த பிளாக்கில், புதுசாகக் கல்யாணமான ஒரு பையன் வீட்டில் இருந்தது. விஜயா அம்மாளிடம் விலாசம் சொல்லி, டிஸ்க்கோடு அங்கே போய் உட்கார்ந்தேன். அம்மாள் வந்து இறங்கினார். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே புருஷனை வண்டி ஓட்டவைத்து வந்திருந்தார். மனோகரன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மண்வெட்டி இருந்தது.

பாக்ஸ் டிஸ்க்கைக் கண்டுகொண்டது. டி.வி.யில் விஜயா அம்மாள், கையில் மைக். நான் மொபைலைத் தூக்கிப் பிடித்தேன். குழாய்ப் பேச்சு வந்ததும் மனோகரன், "வாஷர் மாத்தினது யாரு, உங்கப்பனா?" என்றார். டி.வி. நிற்கவில்லை. "மெஷினுக்கு சர்வீஸ் தேதி தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. என் பொறந்த நாள் கேட்டா முழிப்பாரு!" மனோகரன் எழுந்தேவிட்டார். "மெஷின் நின்னா எனக்கு மெமோ வரும். நீ என்னைக்குடி மெமோ குடுத்தே?" அவர் சொல்லி முடித்த அதே நொடியில் டி.வி.யில் அரங்கமே கைதட்டியது.

அவரை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி, இன்னொரு முறை அவர் குரல் விழாமல் எடுத்தேன். அம்மாளுக்கு அது போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தால், அழிக்கச் சொன்ன மனிதர் என் மொபைலைக் கேட்கிறார். "அந்த முதல் தடவை எடுத்தது எனக்கு வேணும் அண்ணாச்சி. பஸ்ல போட்டுக் காட்டணும். நான் பதில் சொன்னதுக்கு எப்படிக் கைதட்டுதானுவ பாருங்க!"

விஜயா அம்மாள் வண்டியில் ஏறாமல் திரும்பி வந்தார். "தாராளமாக் குடுங்க அண்ணே. ஆனா அந்தக் கைதட்டல் என்னோடது, அதை மட்டும் வெட்டிட்டுக் குடுங்க."

படிக்க முடியாத டிஸ்க்கை முட்டி தேய அலைந்தாவது படித்துக் காட்டிவிடலாம் சகோதரர்களே, படித்துக் காட்டிய பிறகு ஆரம்பிக்கிறதே, அதற்குத்தான் எந்தக் கடையிலும் ரிப்பேர் இல்லை.