அஞ்சு கட்டையில் கல்யாணி

நேற்று ஓசூர் மேம்பாலத்தடியில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ச, ரி, க, ம என்று நாலு சுரம் ஏறி, ம-விலேயே நின்றுவிட்டது. இறங்கி ச-வுக்கு வந்து தொலையேன் என்று எனக்குக் கால் பரபரத்தது.

அது பழைய வியாதி. 1950களில் புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தபோதே பிடித்தது. நாளெல்லாம் புளி வாசனை. என் எச்சில்கூடப் புளித்தது. எந்த பஸ் கிளம்பினாலும் அதில் நான் இல்லையே என்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பேன். அந்தப் பெட்டியில் கறுப்புக் கட்டைகள் ஈரத்தில் உப்பி, அழுத்தினால் எழாது. அதனால் எல்லா ஞானப்பாட்டும் வெள்ளைக் கட்டையில், முதல் கட்டையிலிருந்து. சுத்தமான சங்கராபரணம்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், இரண்டாவது வெள்ளைக் கட்டையை ச என்று வைத்துக்கொண்டு அதே கட்டைகளை வாசித்தேன். கரகரப்ரியா! மூன்றாவதிலிருந்து தோடி. நாலாவதிலிருந்து கல்யாணி. நான் உட்காரும் இடம்தான் மாறியது, ராகமே வேறாகிவிட்டது. ஏழாவதில் மட்டும் ப சரியாக விழவில்லை, அதை மன்னித்துவிட்டேன். சங்கீதம் மொத்தமும் கைக்கு வந்துவிட்ட மிதப்பில் யாருக்கோ புளியை அதிகமாகவே நிறுத்துப்போட்டேன்.

அப்போது சந்தைமேட்டில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. இங்கே தமிழில் ஆடுவார்கள். எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் அதே ராஜா கன்னடத்தில் அழுவார். அவர்களுடைய ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் ஊருக்குப் போய்விட்டார். மண்டியிலிருந்து தப்பிக்க இதுதான் வழி என்று போய் நின்றேன். ராஜபார்ட் போடும் ராஜம்மாதான் பரீட்சை வைத்தார்.

"கல்யாணி வருமா தம்பி?"

"கல்யாணி என்னங்கக்கா, ஆறு ராகம் வரும்."

அவர் அஞ்சு கட்டையில் எடுத்தார். ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் அவருக்கு ச. நான் நாலில் எடுத்தேன். என் கல்யாணி குடியிருந்தது அங்கேதான். வெளியே படுத்திருந்த வண்டிமாடு எழுந்து நின்றது.

"இல்லி நோடப்பா, இங்க பாரு! நான் இங்க நிக்கறேன், நீ அங்க போயி எவளுக்கு வாசிக்கற?"

என் சித்தாந்தத்தை விளக்கினேன். நல்ல மனுஷி, நாலுக்கு இறங்கிவந்து பாடினார். அபாரமாகப் பொருந்தியது.

"செரி, தோடி?"

"அப்ப மூணுக்கு வாங்கக்கா. கரகரப்ரியான்னா ரெண்டு..."

"அடப்பாவி! நாடகம் முடியறதுக்குள்ள ஏணில ஏத்தி எறக்கியே என்னெக் கொன்னுபுடுவ. எந்தொண்டெ அஞ்சுலதான் நிக்கும். ராகந்தான் எங்கிட்ட வரோணும்."

அஞ்சில் கல்யாணி வேண்டுமென்றால் இரண்டு கறுப்புக் கட்டைகள் வேண்டும். கம்பெனிப் பெட்டியில் அவை நன்றாகவே எழுந்தன, என் விரல்தான் அவற்றைத் தொட்டுப் பழகியதில்லை. என்னிடம் இருந்ததோ ஒரு மகத்தான கண்டுபிடிப்பு மட்டும்.

மறுநாள் காலையில் வண்டிகள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிளம்பின. ஆர்மோனியம் யாரோ ஒரு கன்னடக்காரர் மடியில் இருந்தது. வெட்கமில்லாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். ராஜம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் வருவோம். அதுக்குள்ள அந்த ரெண்டு கட்டெயக் கத்துக்கோ தம்பி."

சர்ச் பெட்டியைத் திறந்து, அந்த இரண்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எழவைத்தேன். விரலும் பழகியது. அடுத்த வருஷம் சந்தைமேட்டில் வந்து இறங்கியது டூரிங் டாக்கீஸ். அதுவும் போய், இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையின் மதில், ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு. அஞ்சு கட்டையில் கல்யாணி எனக்குக் கண்ணை மூடினாலும் வருகிறது. அங்கே நின்று பாடத்தான் ஒருவரும் வரவில்லை.