மில் சங்கும் மார்ஃபின் மாத்திரையும்

என் தங்கை நிர்மலாதேவி நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது அவள் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்று ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். புற்றுநோய் முற்றி, ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் வலிக்கு மருந்து கொடுப்பது அவள் வேலை. அதற்காகவே கேரளா போய் ஆறு வாரம் படித்துவிட்டு வந்தாள். சாரம் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் ஆட்டோவில்தான் போவாள். அதனால் 2008-ஆம் வருடம் முதலியார்பேட்டையில் நடந்ததைக் கூட இருந்தே பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரர் பெயர் பாவாடை. மில்லில் முப்பது வருடம் தறி ஓட்டியவர். நோய் இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. புரண்டு படுத்தால்கூடக் கத்துவார். நாங்கள் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை காலை.

"ஐயா, உங்களுக்கு இன்னா வேணும்? சொல்லுங்க," என்று என் தங்கை கேட்டாள்.

"மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடக்கரைக்குப் போவணும். இருபத்திரண்டு வருசம் சாமி தூக்கின தோளு இது. இந்த வருசம் தூக்க முடியாது, தெரியும். உக்காந்து பாத்தா போதும். அதுக்கும் இந்தப் பாழாப்போன இடுப்பு வுடாது."

மகத்துக்கு இருபத்துநாலு நாள் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைகளை அவள் எடுத்தாள். ஒரு வாரத்துக்கு நாற்பத்திரண்டு. நாலு மணி நேரத்துக்கு ஒன்று. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு பத்து மணிக்கு மட்டும் இரண்டு. மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் ஒரு மருந்து.

"அபின்ல செய்யறதாமே? அப்பா அதுக்கே அடிமையாயிட்டா?" என்றான் மகன் ஹரிகிருஷ்ணன்.

"டாக்டர் சொன்ன அளவுல, வலிக்குன்னு சாப்பிடறவங்க அப்படி ஆவறது ரொம்ப அபூர்வம் தம்பி. ஆனா ஒண்ணு. வலி வந்தப்புறம் குடுக்கக் கூடாது. வர்றதுக்கு முன்னாடி, நேரத்துக்குக் குடுத்துடணும்."

பாவாடையின் மனைவி செல்வாம்பாள் தலை குனிந்துகொண்டார். "எனக்கு மணி பாக்கத் தெரியாதும்மா. இவனும் வேலைக்குப் போயிடுவான்."

அந்த நேரத்தில் மில்லில் பத்து மணிச் சங்கு ஊதியது. அம்மாளின் முகம் மாறியது. "இது தெரியும்! காலைல ஆறுக்கு, பத்துக்கு, ரெண்டுக்கு, சாயந்திரம் ஆறுக்கு, ராவு பத்துக்கு. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இதுலதான் சோறு ஆக்கறேன்."

ஷிப்டு மாறவும் சாப்பாட்டுக்கும் ஊதும் சங்கு மாத்திரை வேளைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. "அப்போ சங்கு ஊதினா மாத்திரை. அவ்ளோதாம்மா," என்றாள் தங்கை. முதல் மாத்திரையை அவளே கொடுத்தாள்.

புதன்கிழமை போனபோது பாவாடை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு சங்கு ஊதப் போறாங்கன்னு நெனச்சேன். இப்ப தெனம் அஞ்சு வாட்டி ஊதறாங்க, நான் கெட்டியா இருக்கறேன்," என்று சிரித்தார். அம்மாள் அவர் தொடையில் அடித்து, "வாயப் பாரு," என்றார்.

ஞாயிறு மாலை ஹரிகிருஷ்ணனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, உங்க மருந்த வந்து எடுத்துக்குனு போங்க. அப்பா துடிக்கிறாரு. ஒரு வாரத்துலயே ஒடம்புக்குப் பழகிப்போச்சு. கேக்க மாட்டேங்குது."

நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. அவர் பாயை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தங்கை யாரையும் திட்டவில்லை. மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினாள். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தன. அன்று காலையிலிருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

"அம்மா, இன்னைக்கு ஏன் குடுக்கல?"

"சங்கு ஊதலியே கண்ணு! ஞாயித்துக்கிழமை மில்லு லீவாச்சே. மாத்திரைக்கும் ஒரு நாள் லீவு போல, பழகாம இருக்கறதுக்கு அப்படித்தான் போலன்னு நெனச்சிக்கினேன்."

ஹரிகிருஷ்ணன் அம்மாமேல் பாய்ந்தான். தங்கை கையை நீட்டித் தடுத்தாள். "அவங்கள ஒண்ணும் சொல்லாத. சங்குன்னு சொன்னது நான். லீவ யோசிக்காதது என் தப்பு." டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு ஒரே ஒரு மாத்திரை கொடுத்தாள். "விட்டுப்போனத எல்லாம் சேத்துக் குடுத்துடக் கூடாதும்மா," என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு மணி நேரத்துக்குள் பாவாடையின் கை பாயை விட்டது. அவர் தூங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. தன் தப்பை நோயாளி வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லும் நர்சை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இவள் என் தங்கை.

கிளம்பும்போது, "அண்ணே, மகத்தன்னைக்கும் மில்லு லீவுதான்," என்றாள். பிறகு அம்மாளிடம் திரும்பி, "இனிமே மில்லு லீவுன்னா எங்க அண்ணன்தான் சங்கு. அஞ்சு வேளையும் உங்க செல்லுக்கு மிஸ்டு கால் குடுப்பாரு. மணியடிச்சா மாத்திரை," என்றாள். என்னைக் கேட்கவேயில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் சவாரியில் இருந்தபோதுகூட ஓரங்கட்டி ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து என்று அடித்தேன். ஒன்றும் தவறவில்லை.

மாசி மகத்தன்று டாக்டர் அனுமதியோடு ஹரிகிருஷ்ணனும் நானும் பாவாடையை என் ஆட்டோவில் ஏற்றினோம். இடுப்புக்கு இரண்டு தலையணை. போலீஸ் விட்ட இடம்வரை போய், கடல் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். மேளம், கூட்டம், வரிசையாக சாமிகள். அவர் தூக்கிய சாமி அலையை நோக்கி நகர்ந்தபோது, வலது தோளைத் தானாகவே உயர்த்தினார். முகத்தில் வலி இல்லை. நானும் அதிலேயே லயித்துவிட்டேன்.

பின்னாலிருந்து பாவாடை என் முதுகில் தட்டினார். "இன்னாப்பா சங்கு, மணி பத்தாவல?"

போனைப் பார்த்தேன். "இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குதுங்க."

"பாத்துக்க. கோட்ட வுட்டேன்னா, ஒந்தங்கச்சிகிட்ட சொல்லிடுவேன்."

அவர் பக்கத்தில் அம்மாள் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாகத் தயாராக இருந்தார். பத்து மணிக்கு நான் அழுத்தினேன். மேளச் சத்தத்துக்கு நடுவே அம்மாள் மடியில் செல் அடித்தது. பாவாடை மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுபடியும் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.