சைலன்சருக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் சித்தப்பா டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி, பழையது. ஒரு மாதம் அதன் புகைக்குழாய் ஓட்டையாகி, ஏறியவர்கள் எல்லாம் இருமிக்கொண்டே இறங்கினார்கள். அதைச் சரிசெய்யாமலே நாள் ஓடி, விடிந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை. அதில் தேறாவிட்டால் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. ஒர்க் ஷாப்பில் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். எனவே ராயப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே புதுக் குழாயை மாட்ட சித்தப்பா இறங்கினார். எனக்கு எட்டு வயது. கழற்றுகிற நட்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது என் பொறுப்பு.

எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் மூன்று நட்டுகள். மூன்றிலும் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்ததில் இரண்டு அசைந்தன. மூன்றாவதை அவர் பொறுமையிழந்து திருக, போல்ட்டே முறிந்தது.

"வேணாம்யா, மெக்கானிக்க இட்டுக்கினு வா" என்றாள் சித்தி.

"ரெண்டு நட்டே புடிச்சிக்கும்ல? நீ போய் சந்தனம் கொயைச்சி எடுத்தா."

புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் வீட்டில் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். சித்தப்பா புதுக் குழாயை இரண்டு நட்டிலேயே மாட்டி, முறிந்த இடத்தின்மேல் நெல்லிக்காய் அளவு சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

மறுநாள் சோதனைக்கு என்னையும் அழைத்துப் போனார். பிள்ளையைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் இரங்குவார் என்று ஒரு கணக்கு. அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார்.

"இன்னாப்பா, சைலன்சருக்கு சந்தனக்காப்பா?"

"புதுசு சார். வூட்ல பூஜ போட்டாங்க."

அவர் சிரித்தார். பொட்டைத் தொட மனமில்லாமல் பேனாவைத் திறந்தார். நட்டுக் கணக்கு தவறாகப் பதிவாகிவிடுமே என்று எனக்குப் பதைப்பு.

"சார், மூணு நட்டு இருக்கணும். ஒண்ணு இல்ல. அங்க பொட்டுதான் கீது."

பேனா மூடிக்கொண்டது. சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் சித்தப்பா திட்டவில்லை. "நல்லா எண்ணறே, நைனா" என்றார். அந்தப் பாராட்டை வீட்டில் நான்கு பேரிடம் சொன்னேன்.

வண்டி ஆறு நாள் வாசலில் நின்றது. ஏழாகவும் இருக்கலாம், கேட்டுச் சரிபார்க்க இப்போது ஆள் இல்லை, அதுவே என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்த நாள்களில் சித்தி சோறு போடும்போதெல்லாம் சித்தப்பா வெளியே போய்விடுவார். எங்கள் தட்டுகள் காலியான பிறகு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். வண்டி ஓட்டாத நாளில் டிரைவர்களுக்குப் பசிக்காது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.