பயந்து பயந்து வண்டி ஓட்டிய எங்கள் அண்ணன்

அண்ணன் இல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். துக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் மாதிரி தைரியசாலியப் பாக்க முடியாதுத்தா" என்றார்கள். அன்பினால் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் அச்சில் வருகிற இந்த நினைவு மலரில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தைரியசாலி அல்லர். நான் அறிந்தவர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், தக்காளியும் கத்தரியும் பயிர் செய்கிற குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். கிணற்றில் மோட்டார் இறக்கும்போது அப்பா தவறி விழுந்து இறந்தபோது, அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் கிணற்றடிப் பக்கம் போனதில்லை. இடிச்சத்தம், ஊசி, போலீஸ்காரர் எல்லாமே அவருக்குப் பயம். கல்யாணப் பேச்சை எடுத்தால், "இருக்குற ரெண்டு பேத்துக்குப் பயப்படவே நேரம் பத்தல, இன்னொருத்தி வேறயா" என்று எழுந்து போய்விடுவார். அம்மாவும் நானும்தான் அந்த இரண்டு பேர். எங்களுக்காகத் திண்டுக்கல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பிறகு பிறத்தியார் வண்டியை ஓட்டினார். கடைசியில், இரண்டு கை மாறி வந்த ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கினார்.

அந்த வண்டி வந்த பிறகு அவர் பயமெல்லாம் அதன் கிளட்சில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு பிறத்தியார் வண்டி ஓட்டியபோது, மேட்டில் கிளட்ச் பிடிக்காமல் வண்டி பின்னால் உருண்டிருக்கிறது. மூட்டைகளின் மேல் கூலிக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர்கள் கத்திய சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை என்பார்.

அதனால் விடிந்ததும் அவருக்கு முதல் வேலை ஒரு சோதனை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போடுவார். வண்டிக்கு முன்னால் கோழி நின்றாலும் விரட்டிவிடுவார். எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை மெல்ல எடுப்பார். கிளட்ச் பிளேட் நன்றாகப் பிடித்தால், நகர முடியாத வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆகாமல் எஞ்சின் பாட்டுக்கு ஓடினால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர், "என்னலே, தெனம் வண்டிக்கு நாடி பாக்குற" என்று கேலி செய்வார். அண்ணன் சிரிக்க மாட்டார். "ஆஃப் ஆனாத்தான் சித்தப்பா நல்ல வண்டி. ஆகலைன்னா நான் எடுக்க மாட்டேன்" என்பார்.

எனக்கு முதல் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகிவிட்டது என்றார்கள். ஆகவே மறுமுறை உண்டானபோது, வலி கண்டவுடன் வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த எனக்கு, மாதம் நெருங்க நெருங்கத் தூக்கமில்லை. அண்ணனுக்கு என்னைவிடத் தூக்கமில்லை.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவினார். கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். வழியில் கியர் விழாமல் நின்றுவிட்டால் தங்கச்சி கதி என்ன என்று பயந்து, கிளட்ச் கேபிளின் நட்டைத் திருகி இறுக்கினார். அது போதாதோ என்று பயந்து மறுபடியும் இறுக்கினார். பிறகு எங்கள் வழக்கப்படி ஸ்பேனர்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசையில் வைத்தாயிற்று. வைத்த சாமான்களை மறுநாள் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது. மாலை போட்ட வண்டியையும் அதுவரை தொடக் கூடாது. ஆகவே காலைச் சோதனையும் நடக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. வாசல் தெளிக்கும் நேரத்தில் எனக்கு வலி வந்துவிட்டது. பூசையாவது ஒன்றாவது. அம்மாவும் நானும் முன்னால் ஏற, பண்டிகைக்கு வந்திருந்த என் கணவர் பின்னால் ஏற, வாழைக்கன்று கட்டியபடியே வண்டி கிளம்பியது. பாதி வழியில் எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. அண்ணன் ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சத்தம்தான் கூடியது. கருகின வாடை வந்தது. அண்ணன் முகம் வெளுத்துப்போனது.

"தாயி, எனக்குப் பயமா இருக்கு" என்றார் என்னிடம்.

"ஏலே, புள்ளத்தாச்சிகிட்டப் பேசுற பேச்சாடா இது" என்று அம்மா அதட்டினார். எனக்கு அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இந்தக் குழந்தையும் போய்விடும் என்றே அப்போது நினைத்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

திண்டுக்கல்லுக்குள் நுழைவதற்கு முன்னால் ரயில்வே கேட். மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். பண்டிகைக் காலையில் ஒரு ஆட்டோவும் கண்ணில் படவில்லை. என் கணவர் இறங்கி ஓடிவந்தார்.

"கேட் திறந்ததும் ஒரே மிதியா மிதிச்சு ஏத்திருங்க மச்சான்."

"மாட்டேன் மாப்ள. தண்டவாளத்து மேல நின்னுட்டா?"

"அப்ப இவள என்ன பண்ணச் சொல்றீங்க?"

அண்ணன் குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடல் முதலில் கொஞ்ச தூரம் சும்மா போய், அதற்குப் பிறகுதான் பிடிக்க வேண்டும். அது தொட்டவுடனே பிடித்தது. "லேசா மிதிச்ச மாதிரியே நிக்குது. அதான் பிளேட்டு வழுக்குது. பயந்துக்கிட்டு நாந்தான் இறுக்கிக் கெடுத்துட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஆனால் ஸ்பேனர் வீட்டில், சாமி முன்னால் இருந்தது.

அறியாதவர்களிடம் வழி கேட்கவே கூச்சப்படுகிற அண்ணன், ஒவ்வொரு லாரியாக ஓடிக் கதவைத் தட்டினார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "சாமானெல்லாம் பூசையில இருக்குண்ணே." கடைசியில் கேட்கீப்பரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அறைக்குள்ளிருந்து ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டினார். அதிலும் சந்தனப் பொட்டு இருந்தது. "இங்கயும் பூசை போட்டோம்ப்பா. அதுக்காக ரயிலு நிக்குமா" என்றாராம்.

அண்ணன் நட்டைத் தளர்த்தினார். உடனே கிளம்புவார் என்று பார்த்தால், ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு, மூன்றாவது கியரைப் போட்டார்.

"இப்ப எதுக்கு மச்சான் வண்டிய ஆஃப் பண்ணப் பாக்குறீங்க?" என்று என் கணவர் கத்தினார்.

"ஆஃப் ஆகலைன்னா இவள வச்சுக்கிட்டு நான் தண்டவாளத்துல ஏற மாட்டேன். நீ என்னைய அடிச்சாலும் சரி."

தங்கை புருஷனை அவர் 'நீ' என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். ரயில் கடந்துகொண்டிருந்தது. அண்ணன் காலை மெல்ல எடுத்தார். நான் அம்மாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கட்டியிருந்த வாழைக்கன்றுகள் ஆட, ஆஃப் ஆனது. அண்ணன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஒருமுறை விம்மினார். பிறகு சாவியைத் திருப்பினார். கேட் திறந்தது. வண்டி மேடேறி, தண்டவாளத்தைத் தாண்டி, நாகல் நகர்ப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

மதியத்துக்குள் விஜி பிறந்தாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்ட பிறகுதான், அவசரத்தில் கேட்கீப்பரின் ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது அண்ணனுக்குத் தெரிந்தது. சந்தனம் அழிந்துவிட்டதே என்று அதற்கும் பயந்து, புதிதாகப் பொட்டு வைத்து, லட்டும் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார்.

அம்மாவைக் கடைசிவரை கண்போல் பார்த்துக்கொண்டார். விஜிக்கு லைசென்ஸ் எடுக்க வயது வந்ததும், என் பேச்சை மீறி வண்டி ஓட்டப் பழக்கினார். போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, பயமா இருக்கு" என்றார். அன்று வண்டியில் சொன்ன அதே குரல். "எனக்கும்தாண்ணே" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "வண்டிய விஜி ஓட்டட்டும். காலையில பாக்காம மட்டும் எடுக்கக் கூடாது" என்றார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கையை விடாமல் பிடித்திருந்த நர்ஸம்மாவுக்கும், துக்க வீட்டில் உலை வைத்து வெஞ்சனம் ஆக்கிய பக்கத்து வீட்டாருக்கும், அன்று மூட்டை இறக்காமல் பாடை தூக்க வந்த மார்க்கெட் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்தக் கேட்கீப்பர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். "ஒத்தப் பொட்டப்புள்ளய அந்த ஓட்ட வண்டியில அனுப்பலாமா" என்று என்னிடம் அக்கறையோடு கேட்கிறவர்களுக்கும் நன்றி. நானும் பயந்துகொண்டுதான் அனுப்புகிறேன்.

நாளை அண்ணனின் தெவசம். இலையும் காய்கறியும் எடுத்துவர இன்று காலை விஜி கிளம்பினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். முன்னால் நின்ற கோழியை விரட்டினாள். எஞ்சின் ஓடியது. நான் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆஃப் ஆயிருச்சும்மா. போயிட்டு வாரேன்."