அத்தானின் காலும் பெயரில்லாத மருந்தும்: திண்டுக்கல்லில் ஒரு பகல்

போன மாதம் ஒரு புதன்கிழமை எரியோட்டிலிருந்து என் அக்கா பேச்சியம்மாள் போன் செய்தாள். சர்க்கரை நோயால் அத்தானின் காலில் வந்த புண்ணுக்குத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் புது மருந்து போடுகிறார்களாம். பணம் வாங்குவதில்லை. போதாததற்கு, போய்வரச் செலவுக்கும் கொடுக்கிறார்களாம். அக்காவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. சும்மா வருகிற எதையும் இரண்டு முறை பார்க்கிற புத்தி அங்கே வந்தது. வெள்ளிக்கிழமைக்கு லீவு சொன்னேன்.

திருச்சியில் காலை 5.40க்குப் பஸ் ஏறினேன். கட்டணம் தொண்ணூறு ரூபாய், தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 8.15க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். (பிரியாணிக் கடை விவரம் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். அன்று நான் சாப்பிட்டது இரண்டு இட்லி.) மருத்துவமனைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டியவர் காதர் பாய். இடத்தைச் சொன்னதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மருந்து டெஸ்ட் பண்றாங்களே, அந்த ஆஸ்பத்திரியாம்மா?"

"ஆமா. ஏன் பாய், ஏதும் கேள்விப்பட்டீங்களா?"

"ஒண்ணும் கேள்விப்படல. வாரத்துக்கு நாலஞ்சு பேரை எறக்கிவிடுறேன். எல்லாரும் திருப்தியாத்தான் திரும்பி வாராங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எவன்மா திருப்தியா வருவான்? அதான் எனக்குப் புரியல."

சந்தேகப்பட இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அக்காவும் அத்தானும் எரியோட்டு பஸ்ஸில் முன்னமே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் ராசு முருங்கைத் தோட்டக்காரர், ஐம்பத்தெட்டு வயது. கட்டுப் போட்ட காலை நீட்டிக் காட்டினார். "வாரா வாரம் ஸ்கேல் வச்சு போட்டோ எடுக்குறாங்க புள்ள. அளந்து எழுதுறாங்க. இம்புட்டு அக்கறையா எவன் பாப்பான்?" மருந்துக் குழாயை வாங்கிப் பார்த்தேன். அதில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது.

"இதுல சேரும்போது கையெழுத்துப் போட்டிருப்பீங்களே, அந்தத் தாள் எங்கத்தான்?"

"எங்கிட்டத் தரலையே."

ஆராய்ச்சிப் பிரிவில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் மீனா. இருபத்தைந்து வயது இருக்கும். கேட்டதும் கோப்பை எடுத்து வந்தார். சம்மதத் தாள் பதினொரு பக்கம், நல்ல தமிழில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அத்தானின் கையெழுத்து. அதன் கீழே, சாட்சி என்ற இடத்தில், பேச்சியம்மாள் என்று ஒரே வீச்சில் எழுதியிருந்தது. என் அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எழுதுவாள்.

அக்காவிடம் காட்டினேன். "இது நான் போட்டதில்ல. அன்னைக்கு நான் வரவே இல்லையே, தோட்டத்துல காய் பறிப்பு" என்றாள்.

மீனா அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாந்தான் போட்டேன்க்கா. ஐயாவுக்குப் படிக்கத் தெரியும், சாட்சியே வேணாம். ஆனா மறுநாள் ஃபைல் பாக்க ஆள் வாரதா இருந்துச்சு. ஒரு கோடு காலியா கெடந்தா ஏன்னு கேப்பாங்கன்னு பயந்து எழுதிட்டேன்."

இந்தக் கோட்டை நிரப்பியவர் புண்ணின் அளவையும் இப்படியே நிரப்பியிருந்தால்? எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கினேன். படத்தில் ஸ்கேல் காட்டிய அளவையும் தாளில் எழுதிய அளவையும் வாரம் வாரமாக ஒப்பிட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தன. நான் தேடி வந்த களவு அங்கே இல்லை. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

இதற்குள் அத்தான் சம்மதத் தாளைக் கையில் எடுத்திருந்தார். "கண்ணாடி கொண்டாரல. நீயே படி தாயி" என்று மீனாவிடம் நீட்டினார். அவர் முதல் வரியிலிருந்து வாசித்தார். நான்காம் பக்கத்தில் அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான களிம்பு என்று அங்கே இருந்தது.

"அப்ப எனக்கு எதைப் போடுறீங்க?"

"எனக்குத் தெரியாதுய்யா. டாக்டருக்கும் தெரியாது. அந்த நம்பருக்குள்ள இருக்கு. கடைசியிலதான் பிரிச்சுப் பாப்பாங்க."

அத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புது மருந்துதான் குணமாக்குகிறது என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தவர்.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். மீனாவே நடந்ததைச் சொன்னார். டாக்டர் முகம் இறுகியது. பொய்க் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்து, என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதி, தேதி போட்டார். இந்த ஆய்வைக் கண்காணிக்கும் குழுவுக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க இப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்கம்மா" என்றார்.

"நான் பாக்காததுக்கு நான் எதுக்குப் போடணும்?" என்றாள் அக்கா. டாக்டர் பேனாவை மூடினார்.

நின்றுகொள்ளலாமா என்று அத்தான் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், புண்ணுக்கான வைத்தியம் நிற்காது என்றார் டாக்டர். அத்தான் யோசித்தார். "இருக்கேன். பாதியில போனா எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கால் அவருடையது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சேர்ந்திருந்தால், போன் பேச்சோடு விடாமல் நேரில் போய்விடுங்கள், பகல் முழுதும் ஒதுக்கி. கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று நோயாளி கையில் இருந்தாக வேண்டும், அது அவருடைய உரிமை. கண்காணிப்புக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்துச் செலவு கொடுப்பதில் தப்பில்லை, அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். நகலை வாங்கி அத்தான் கையில் கொடுத்துவிட்டு நான் 1.20க்குத் திருச்சி பஸ் ஏறினேன். அந்த இடத்தின் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

போன வாரம் அக்கா பேசினாள். புண் நன்றாகச் சுருங்கியிருக்கிறதாம்.

"எந்த மருந்துன்னு தெரிஞ்சுதாக்கா?"

"தெரியல. அவரு அதைக் கேக்கவும் இல்ல. புதுசா வந்து பெஞ்சில உக்காந்திருந்த ஆளுகிட்ட, நாலாம் பக்கம் படிச்சீங்களான்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு."