ஐந்தாவது அட்டை

அச்சகத்தில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. நீள மேஜையில் வரிசையாக ஏழு அடுக்குகள் இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே படம் அச்சிட்ட கெட்டி அட்டைகள். மேஜையை ஒட்டி நடந்தபடியே அடுக்குக்கு ஒன்றாக எடுத்து, தட்டிச் சேர்த்து, பசை போடுகிற பெண்ணிடம் கொடுத்தால் குழந்தைகளுக்கான படப்புத்தகம் ஒன்று தயார். மற்றவர்கள் ஒரு சுற்று வருவதற்குள் மின்னல் இரண்டு சுற்று வந்திருப்பாள், அதுவும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. பதினோரு வருஷத்தில் ஒரு பக்கம்கூட மாறியதில்லை.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கோட்டை விட்டாள்.

அது யானைக்குட்டிப் புத்தகம். எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். அம்மா யானை ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுகிறது. குட்டிக்கோ மரப்பாலத்தைப் பார்த்தாலே நடுக்கம். ஐந்தாவது அட்டையில் அது அழுகிறது. பின்னால் மரம், ஆறு எதையும் வரையவில்லை. குட்டியும் குடம் குடமாகக் கண்ணீரும் மட்டும். ஆறாவதில் பாலத்தில் நடக்கிறது. ஏழாவதில் அம்மாவின் காலடியில் நிற்கிறது. முதலில் அழுகையை நிறுத்து, அப்புறம் தைரியமாக நட. பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஓதுவதும் அதைத்தானே! மின்னல் ஐந்தாவது அடுக்கை விட்டுவிட்டு நடந்தாள். முடிவில் நினைவு வந்து, அந்த அட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துவிட்டாள். பசை காய்ந்த பிறகுதான் மேஸ்திரி கண்ணில் பட்டது.

"என்ன மின்னல், கரண்ட் போயிடுச்சா?"

"பாப்பா நெனப்புண்ணே. கை என்ன பண்ணுச்சுன்னே தெரியல."

விஷயம் அச்சகத்துக்கே தெரியும். அவளுடைய ஐந்து வயது மகளுக்குப் பிறவியிலேயே வலது கால் உள்பக்கமாக வளைந்திருந்தது. இப்போது ஆபரேஷன் செய்தால் மற்ற பிள்ளைகளைப்போல ஓடுவாள், தள்ளிப்போட்டால் எலும்பு இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தாயிற்று. ஆபரேஷன் அறையின் பச்சைக் கதவைப் பார்த்ததுமே பாப்பா மூச்சு முட்ட அழுது உதடெல்லாம் நீலம் பாரித்துப்போனாள். இப்படி அழுகிற குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மூன்றாவது தடவையாகத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. இதக் கடைக்கு அனுப்ப முடியாது, பாப்பாவுக்கு எடுத்துட்டுப் போ," என்றார் மேஸ்திரி.

வீட்டில் பாப்பாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. தைரியமான பொண்ணு அழமாட்டா என்று அப்பா சொன்னார், அத்தை சொன்னாள், மாடிவீட்டுக்காரர்கூட இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் காலிலா கத்தி வைக்கப்போகிறார்கள்? யாருக்கோ வந்த விருந்துபோலச் சொன்னார்கள். பாப்பா பாவம், அழுகை வருகிறதே, அப்படியானால் தனக்குத் தைரியமே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக விரலால் தடவிப் பார்த்தாள். மின்னல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் குட்டி பாலத்தத் தாண்டிட்டு அழுவுது."

"அது வந்துடா, அந்தப் படம்..."

"நடக்கறப்ப அழல. ஆனா பயம்தான். இங்க பாரு, தும்பிக்கையச் சுருட்டி வெச்சிருக்கு. அழுகைய அதுக்குள்ள வெச்சிருக்கு."

மின்னல் எட்டிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் அவள் கையால் எடுத்து அடுக்கிய படம். தும்பிக்கை சுருண்டிருந்ததை ஒரு நாளும் கவனித்ததில்லை.

"அப்புறமா அழுததுக்கு அவங்கம்மா திட்டலையா?" என்று பாப்பா கேட்டாள்.

"திட்டமாட்டாங்க. பக்கத்துலயேதான் இருந்தாங்க."

"அப்ப நானும் கதவத் தாண்டிட்டு அழுதுக்கவா?"

அட்டை மாறிப்போனதைச் சொல்ல வாயெடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊரே கூடி ஓதியும் புரியாதது, தன் கை தவறியதால் இந்தப் பொடிசுக்குப் புரிந்துவிட்டதே என்று மலைத்துப்போய், மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"அழுதுக்கோடா. எவ்வளவு வேணும்னாலும்."

அந்த நாள் வந்தது. பச்சைக் கதவுக்கு முன்னால் பாப்பாவின் முகவாய் வெடவெடவென்று நடுங்கியது. வலது கையை இறுக மூடிக்கொண்டாள், விரலெல்லாம் வெளுத்துப்போகும்வரை. மயக்க மருந்து டாக்டர் குனிந்து, "கையில என்ன பாப்பா?" என்று கேட்டார்.

"அப்புறம் காட்றேன்," என்றாள். வளைந்த காலை இழுத்து இழுத்து, தானே நடந்து உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி மின்னல் நின்றாள். ஐந்து வயதில் இத்தனை பெரிய நெஞ்சா, இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று தோன்றியது.

மூன்று மணி நேரம் கழித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். வார்டில் பாப்பா மெல்லக் கண் திறந்தாள். காலில் கனமான கட்டு.

"தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுடா தங்கம்."

தளர்ந்து கிடந்த வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு தரம் மூடினாள், திறந்தாள். பிறகு அழத் தொடங்கினாள் பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்னம்மா, ரொம்ப வலிக்குதா பாப்பாவுக்கு?"

மின்னல் மகளின் விரித்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணீர் கொட்டியது.

"வலியும் இருக்கும் சிஸ்டர். ஆனா இது கடைசிப் படம். அழட்டும், விடுங்க."